மனுவுக்கும் உதவித்தொகைக்கும் இடையில்

டிசம்பர் 3, சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினம். ஆண்டுதோறும் இந்நாளில் தலைநகர் தில்லியில் விருதுகள் வழங்கப்படுகின்றன. ஆட்சியாளர்கள் உருக்கமாக உரையாற்றுகின்றனர். 2015 டிசம்பரில் பிரதமர் மோடி மாற்றுத்திறனாளிகளுக்கு ‘திவ்யாங்’ என்று பெயர் சூட்டினார். தெய்வீக உறுப்பு படைத்தோர் என்பது அதன் பொருள். தெய்வீகப் பட்டம் வேண்டாம், உரிமைகளே வேண்டும் என்று மாற்றுத்திறனாளி அமைப்புகள் அன்றே எதிர்ப்புத் தெரிவித்தன. பெயர் மாறிற்று, தொகை மாறவில்லை. இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத் திட்டத்தில் ஒன்றிய அரசின் பங்கு இன்றும் மாதம் 300 ரூபாய்தான். 2012இல் நிர்ணயிக்கப்பட்ட தொகை அது. அதைப் பெறவும் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும், 80 சதவீத ஊனம் இருக்க வேண்டும். 2025 ஏப்ரலில் தில்லி அரசு அறிவித்த குறைந்தபட்ச ஊதியம் மாதம் 18,456 ரூபாய், நாளொன்றுக்கு ஏறத்தாழ 710 ரூபாய். அதாவது, ஒரு மாதம் முழுவதற்கும் ஒன்றிய அரசு தருவது, உடலுழைப்புத் தொழிலாளி ஒருவரின் அரை நாள் கூலியைவிடக் குறைவு.

இந்தத் தொகையின் அற்பத்தனம் பற்றி நாம் பலமுறை பேசியிருக்கிறோம். குறைவாகவே பேசப்பட்ட மற்றொன்று உண்டு. உடல் ஓய்ந்து வேலை நின்றுபோன நாளுக்கும், முதல் உதவித்தொகை வங்கிக் கணக்கில் வந்து சேரும் நாளுக்கும் இடையே ஒரு குடும்பம் எதை உண்டு உயிர் வாழ்கிறது என்பதே அது.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். கணவர் வாடகை டாக்ஸி ஓட்டுநர். மனைவி தெற்கு தில்லியில் ‘கோத்தி’ என்று அழைக்கப்படும் பங்களாக்களில் வீட்டு வேலை செய்பவர். கணவரின் கால்கள் மெல்ல மரத்துப்போகின்றன, பார்வை மங்குகிறது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் எனப்படும் தண்டுவட மரப்பு நோய் என்று கண்டறியவே பல மாதங்கள் பிடிக்கின்றன. டாக்ஸி உரிமையாளர் வேறு ஓட்டுநரைப் பார்த்துக்கொள்கிறார். முதலில் சேமிப்பு கரைகிறது. அடுத்து நகை அடகுக்குப் போகிறது. பிறகு வட்டிக் கடன், வாடகை பாக்கி, மளிகைக் கடையில் கணக்கு. மகளின் படிப்பு நிற்கிறது; அவளும் தாயுடன் வேலைக்குச் செல்கிறாள். மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் விழுங்கும் சிக்கனமும் தொடங்குகிறது. அதனால் நோய் முற்றுகிறது. இந்தக் குடும்பம் நம் கற்பனை. ஆனால் தில்லியின் உழைக்கும் மக்கள் குடியிருப்புகளில் பணியாற்றும் எந்தத் தோழருக்கும் இது புதிய கதை அல்ல.

சட்டம் இல்லாமல் இல்லை. 1995ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகை ஊனங்களை மட்டுமே ஏற்றிருந்தது. நீண்ட போராட்டங்களுக்குப் பின் 2016 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 அன்று நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக விரிவாக்கியது. தண்டுவட மரப்பு, பார்க்கின்சன் எனும் நடுக்குவாதம், ஹீமோபிலியா, தலசீமியா, அரிவாள் செல் இரத்தசோகை என நாள்பட்ட நோய்கள் சில முதன்முறையாகச் சட்டத்தின் எல்லைக்குள் வந்தன. அச்சட்டத்தின் 24ஆவது பிரிவு ஓய்வூதியம், வேலையில்லாக் காலப்படி, பராமரிப்போருக்கான படி ஆகியவற்றைக் குறிப்பிடுகிறது. பிறருக்கான இதே போன்ற திட்டங்களைவிட மாற்றுத்திறனாளிகளுக்கான தொகை குறைந்தது 25 சதவீதம் கூடுதலாக இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் தேசிய சமூக உதவித் திட்டத்தில் கைம்பெண்களுக்கு ஒன்றிய அரசு தருவதும் 300 ரூபாய். மாற்றுத்திறனாளிகளுக்குத் தருவதும் அதே 300 ரூபாய். தான் இயற்றிய சட்டத்தை ஒன்றிய அரசே மதிக்கவில்லை.

சட்டத்தின் கதவைத் திறக்கும் சாவி சான்றிதழ். 2018 ஜூலை முதல் டிசம்பர் வரை நடத்தப்பட்ட தேசிய மாதிரி ஆய்வின்படி, மாற்றுத்திறனாளிகளில் 28.8 சதவீதத்தினரிடம் மட்டுமே சான்றிதழ் இருந்தது. நூறு பேரில் எழுபது பேருக்கு மேல் கதவுக்கு வெளியே நின்றனர். இந்த நிலையில் ஒரு பொறுப்புள்ள அரசு என்ன செய்திருக்க வேண்டும்? மருத்துவ வாரியங்களைப் பெருக்கியிருக்க வேண்டும். காலக்கெடுவைச் சுருக்கியிருக்க வேண்டும். மோடி அரசு 2024 அக்டோபரில் திருத்த விதிகளை வெளியிட்டது. ஒரு மாதத்துக்குள் சான்றிதழ் தர வேண்டும் என்றிருந்த கெடு மூன்று மாதமாக நீட்டப்பட்டது. அதைவிடக் கொடியது மற்றொரு விதி: இரண்டு ஆண்டுகளுக்கு மேல் முடிவு எட்டப்படாத விண்ணப்பம் செயலற்றதாகிவிடும். விண்ணப்பதாரர் மீண்டும் விண்ணப்பிக்கவோ, அதிகாரிகளிடம் சென்று பழைய மனுவுக்கு உயிரூட்டவோ வேண்டும். தாமதத்துக்காக அதிகாரி தண்டிக்கப்படவில்லை, நோயாளி தண்டிக்கப்படுகிறார்.

மூன்று மாதக் கெடு சான்றிதழுக்கு மட்டுமே. ஓய்வூதிய மனு அதற்குப் பிறகே தொடங்கும். நாள்பட்ட நோயில் இன்னுமோர் இக்கட்டும் உண்டு. கை இழந்தவரின் ஊனம் கண்ணுக்குத் தெரியும். ஏறி இறங்கும் நோயை ஒரே நாளில் பார்த்துச் சதவீதக் கணக்கில் அடைப்பது கடினம். நடக்க முடிந்த நாளில் வாரியத்தின் முன் நின்றவருக்கு 35 சதவீதம் என்று எழுதப்பட்டால், 40 சதவீதம் என்ற எல்லைக்கோட்டை அவர் தாண்டவே முடியாது.

சான்றிதழ் கிடைத்த பிறகும் தில்லியில் இரண்டு தடைகள் உள்ளன. முதலாவது வருமான வரம்பு. தில்லி அரசின் மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டக்கூடாது. அதே அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியத்தை ஆண்டு முழுவதும் ஒரே ஒருவர் பெற்றாலும் அந்தக் குடும்பத்தின் வருமானம் 2,21,472 ரூபாய். குறைந்தபட்ச ஊதியச் சட்டம் மீறப்படும் வீடுகளுக்கு மட்டுமே உதவித்தொகை என்பதல்லவா இதன் பொருள்? தில்லியில் இத்தொகை பல ஆண்டுகளாக 2,500 ரூபாய். 2025 சட்டமன்றத் தேர்தலில் பாஜக 3,000 ரூபாய் என்று வாக்குறுதி அளித்தது. 3,000 என்றே வைத்துக்கொண்டாலும், அது குறைந்தபட்ச ஊதியத்தில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை.

இரண்டாவது தடை முகவரி. ஐந்து ஆண்டுகள் தில்லியில் வசித்ததற்குச் சான்று காட்ட வேண்டும். குடிசைகளை இடித்துத் தள்ளும் நகரத்தில் இது எளிதானதா? ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலை ஒட்டி, தலைமுறைகளாகத் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்த மதராசி கேம்ப், 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. சுமார் 370 குடிசைகள். அவற்றில் 189 குடும்பங்கள் மட்டுமே மாற்று வீட்டுக்குத் தகுதியானவை என்று அறிவிக்கப்பட்டன. அந்த வீடுகளும் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், நரேலாவில். ஒரு புல்டோசர் சுவரை மட்டும் இடிப்பதில்லை. முகவரியை இடிக்கிறது, வேலையை இடிக்கிறது, வழக்கமாகச் செல்லும் மருத்துவமனைக்கான வழியையும் இடிக்கிறது. நாள்பட்ட நோயாளி ஒருவருக்கு இம்மூன்றும் ஒரே நாளில் பறிபோவதன் பொருளை நாம் விளக்க வேண்டியதில்லை.

பட்டியலுக்கு உள்ளே இருப்போரின் நிலை இது. வெளியே இருப்போர்? வாரத்துக்கு இருமுறை, மும்முறை டயாலிசிஸ் செய்துகொள்ளும் சிறுநீரக நோயாளி 21 வகைகளில் எதிலும் இல்லை. சிலிக்கோசிஸ் நோயாளியும் இல்லை. தெற்கு தில்லியின் லால் குவான் பகுதியில் கல் உடைக்கும் ஆலைகள் இருந்தன. 1992இல் உச்சநீதிமன்ற உத்தரவால் அவை தில்லியைவிட்டு வெளியேற்றப்பட்டன. தலைநகரின் காற்றைக் காக்க ஆலைகள் போயின; ஆனால் தொழிலாளர்களின் நுரையீரலுக்குள் சென்ற கற்தூள் போகவில்லை. சிலிக்கோசிஸ் நோயைக் காசநோய் என்று கருதிச் சிகிச்சை பெற்று மாண்டவர்கள் பலர். இந்த நோயை அவர்களுக்குத் தந்தது விதி அல்ல, வேலை. ராஜஸ்தான் 2019இல் இதற்கெனத் தனிக் கொள்கை வகுத்து, நோய் உறுதியானால் 3 லட்சம் ரூபாயும் இறப்புக்குப் பின் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாயும் வழங்க முன்வந்தது. ஆந்திரப் பிரதேசத்தில் டயாலிசிஸ் நோயாளிகளுக்கு மாதம் 10,000 ரூபாய் ஓய்வூதியம் அறிவிக்கப்பட்டது. பிற வகைகளையும் பட்டியலில் சேர்க்க ஒன்றிய அரசுக்குச் சட்டத்திலேயே அதிகாரம் உண்டு. அறிவிக்கை ஒன்று போதும். தேவைப்படுவது மனம்தான். பட்டியலில் உள்ள தலசீமியா, ஹீமோபிலியா, அரிவாள் செல் நோயாளிகளுக்கும் அரசு வேலையில் 4 சதவீத இடஒதுக்கீடு இல்லை என்பதையும் இங்கு நினைவூட்ட வேண்டும்.

நோயுறும் தொழிலாளிக்குப் பாதுகாப்பு தரும் ஏற்பாடு நம் நாட்டில் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. இஎஸ்ஐ திட்டத்தில் ஆண்டுக்கு 91 நாட்கள் வரை 70 சதவீத ஊதியம் கிடைக்கும். குறிப்பிட்ட 34 நீண்டகால நோய்களுக்கு 80 சதவீத ஊதியம், இரண்டு ஆண்டுகள் வரை நீளும். மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 20ஆவது பிரிவு, பணிக்காலத்தில் ஊனமுற்ற அரசு ஊழியரை வேலையிலிருந்து நீக்கக்கூடாது, அதே ஊதியத்தில் வேறு பணி தர வேண்டும் என்கிறது. போராடிப் பெற்ற உரிமைகள் இவை. ஆனால் வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கும், டாக்ஸி ஓட்டுநருக்கும், உணவு விநியோகிக்கும் இளைஞருக்கும் இவற்றில் எதுவும் இல்லை. 2025 நவம்பர் 21 அன்று திணிக்கப்பட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, முறைசாராத் தொழிலாளர்களுக்கு ஊனமுற்றால் பாதுகாப்புத் திட்டம் வகுக்கப்படும் என்கிறது; எவ்வளவு தொகை, எத்தனை நாளில் என்று சட்டத்தில் ஒரு சொல் இல்லை. 2025இல் தில்லிக்கு வந்த ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டைக் காட்டி ஆட்சியாளர்கள் வாயடைக்கப் பார்க்கின்றனர். காப்பீடு மருத்துவமனையின் கணக்கைத் தீர்க்கும். நோயாளியின் வீட்டில் உலை வைக்காது.

பணமில்லை என்ற பதிலை ஏற்க முடியுமா? முதியோர், கைம்பெண்கள், மாற்றுத்திறனாளிகள் அனைவருக்குமான தேசிய சமூக உதவித் திட்டத்துக்கு 2024-25இல் ஒதுக்கப்பட்டது 9,652 கோடி ரூபாய்; 2025-26இலும் அதே 9,652 கோடி ரூபாய். விலைவாசி ஏறியது, ஒதுக்கீடு ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. 2019 செப்டம்பரில் பெருநிறுவனங்களுக்கு வரி குறைக்கப்பட்டபோது ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் இழப்பு என்று நிதியமைச்சரே கணக்குச் சொன்னார். இந்தச் சலுகைக்காக எந்த முதலாளியும் மருத்துவ வாரியத்தின் முன் வரிசையில் நிற்கவில்லை.

உழைப்புச் சக்தியை விற்க முடிந்தவரை மட்டுமே மூலதனத்துக்கு மனிதர் தேவை. ஆலையில் சிதைந்தவர்களும் நோயுற்றவர்களும் முதலாளித்துவம் தன் தோளிலிருந்து உழைக்கும் வர்க்கத்தின் தோளுக்கு மாற்றிவிடும் சுமையே என்பதை மார்க்ஸ் ‘மூலதனம்’ முதல் தொகுதியில் விளக்கினார். தில்லியில் அந்தச் சுமையைத் தாங்குவது பெரும்பாலும் பெண்களே. காலையில் பிறர் வீட்டு வேலை, பகலில் மருத்துவமனை வரிசை, இரவில் நோயாளியின் பராமரிப்பு. இந்த உழைப்புக்குக் கூலி இல்லை. சட்டம் குறிப்பிடும் பராமரிப்போர் படி பெரும்பாலோரின் கைக்கு எட்டவில்லை. ஒவ்வொரு மாதத் தாமதமும் அரசுக்குச் சேமிப்பு, குடும்பத்துக்குக் கடன். எனவே காத்திருப்பை நிர்வாகக் கோளாறு என்று மட்டும் பார்ப்பது தவறு. அது அறிவிக்கப்படாத நலத்திட்ட வெட்டு.

வளர்ந்த முதலாளித்துவ நாடுகளும் இதற்கு விலக்கல்ல. சிக்கன நடவடிக்கை என்ற பெயரில் மாற்றுத்திறனாளிகளைத் தனியார் நிறுவனங்களைக் கொண்டு தரம்பிரித்த பிரிட்டன், அவர்களின் உரிமைகளைக் கடுமையாக மீறியது என்று 2016இல் ஐநா குழுவே கூறியது. 2025இல் தொழிற்கட்சி அரசும் அதே வெட்டைத் தொடர முயன்றது. மாற்றுத்திறனாளிகள் போராடினர், ஆளுங்கட்சி உறுப்பினர்களே திரண்டு எதிர்த்தனர், ஜூலை தொடக்கத்தில் அரசு முக்கிய வெட்டைக் கைவிட நேர்ந்தது. நம் நாட்டிலும் 2020இல், மாற்றுத்திறனாளிகளுக்கு எதிரான குற்றங்களுக்கான தண்டனைப் பிரிவுகளை நீர்த்துப்போகச் செய்யும் முயற்சி எதிர்ப்பின் காரணமாகவே பின்வாங்கப்பட்டது. எதிர்ப்புக்குப் பலன் உண்டு.

எனவே நாம் முன்வைக்கும் கோரிக்கைகள் தெளிவானவை. விண்ணப்பித்த நாளிலிருந்து, மருத்துவரின் சிகிச்சைச் சீட்டின் அடிப்படையில், இடைக்கால உதவித்தொகை வழங்க வேண்டும். ஒப்புதல் கிடைத்ததும் விண்ணப்பித்த தேதி முதலான நிலுவையைத் தர வேண்டும். 2024 திருத்த விதிகளைத் திரும்பப் பெற்று, ஒரு மாதக் கெடுவை மீட்க வேண்டும். கெடு தவறினால் விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகக் கருதப்பட வேண்டும். ஒன்றிய அரசின் பங்கை 300 ரூபாயிலிருந்து உயர்த்தி விலைவாசியோடு இணைக்க வேண்டும். 80 சதவீத நிபந்தனையை 40 ஆகக் குறைக்க வேண்டும். தில்லியின் வருமான வரம்பு குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே இருக்கக்கூடாது. சிறுநீரகச் செயலிழப்பு, சிலிக்கோசிஸ் உள்ளிட்ட நோய்களைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். இஎஸ்ஐ பாதுகாப்பு முறைசாராத் தொழிலாளர் அனைவருக்கும் விரிவடைய வேண்டும்.

கோரிக்கை எழுதுவதோடு நம் கடமை முடிவதில்லை. ஒவ்வொரு கிளையும் தன் பகுதியில் நாள்பட்ட நோயால் வேலை இழந்தோர் எத்தனை பேர், எத்தனை மனுக்கள் எவ்வளவு நாட்களாகக் கிடப்பில் உள்ளன என்று கணக்கெடுக்கட்டும். மனு எழுத, இணையத்தில் பதிய, மருத்துவ வாரியத்துக்கு உடன் செல்லத் தோழர்கள் முன்வரட்டும். மனு அளித்த தேதிக்கு ஒப்புகைச் சீட்டு வாங்கி வைப்பது முதல் பணியாகட்டும். நிலுவைக்கான போராட்டத்தில் அந்தச் சீட்டே நம் ஆயுதம். தனித்தனியாக வரிசையில் நிற்போரை ஒரே அணியாகச் சமூகநலத் துறை அலுவலகத்தின் வாயிலுக்கு அழைத்துச் செல்வோம். தொழிற்சங்கமும் மாதர் அமைப்பும் மாற்றுத்திறனாளிகள் அமைப்பும் இணைந்து நிற்க வேண்டிய களம் இது. உழைத்து உடல் தேய்ந்தவர் பிச்சை கேட்கவில்லை. தான் உருவாக்கிய செல்வத்தில் தனக்குரிய பங்கைக் கேட்கிறார். அந்தப் பங்கு உரிய காலத்தில் அவர் கைக்கு வந்து சேரும்வரை அவருடன் நிற்போம்.