ஏ.சி. போட்டால் டிரைவருக்கு நஷ்டம்! போடாவிட்டால் பிரயாணியோடு தகராறு!!

சென்னை,

"ஏ.சி. போடுப்பா!"

"கட்டுப்படி ஆகாது சார்!"

கத்திரி வெயில் பிறந்துவிட்டால் சென்னை நகர வாடகைக் கார்களில் தினமும் கேட்கும் சண்டை இது. கிண்டியில் ஏறும்போது ஆரம்பிக்கும் வாக்குவாதம் சென்ட்ரலில் இறங்கும் வரை ஓய்வதில்லை. "ஏ.சி. கார் என்று சொல்லித்தானே காசு வாங்குறீங்க?" என்று பிரயாணி கேட்கிறார். "பெட்ரோல் காசு யார் தருவா?" என்று டிரைவர் திருப்பிக் கேட்கிறார்.

ஏ.சி. உண்மையிலேயே அவ்வளவு பெட்ரோல் குடிக்கிறதா? அல்லது டிரைவர்கள் சும்மா சாக்கு சொல்கிறார்களா? இது பற்றிய விவரம் வருமாறு:-

எஞ்சின் தலையில் சுமை

காரில் ஏ.சி.க்குத் தனி மோட்டார் கிடையாது. 'கம்ப்ரசர்' என்ற கருவியை, பெல்ட் மூலம் எஞ்சினே சுற்றுகிறது. கடும் வெயிலில் இதற்கு 3 அல்லது 4 குதிரைசக்தி போய்விடும். சமதளத்தில் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரே சீராகப் போகும் சின்னக் காரை நகர்த்தவே ஏறக்குறைய அவ்வளவு சக்திதான் தேவை. அப்படியானால் எஞ்சினுக்கு எவ்வளவு கூடுதல் சுமை என்று பார்த்துக்கொள்ளலாம்!

கடும் வெயிலில் ஏ.சி. போட்டால் காரின் மைலேஜ் 25 சதவீதத்துக்கு மேலும் குறையக்கூடும். அதுவும் குட்டிச் சவாரிகளில்தான் அடி அதிகம் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. ஆகவே டிரைவர் சொல்வது வெறும் சாக்கு அல்ல.

மணிக்கணக்கில் குடிக்கிறது

ஆனால் தகராறின் ஆணிவேர் வேறு இடத்தில் இருக்கிறது. கார் ஓடுவதற்கான பெட்ரோல் கிலோமீட்டர் கணக்கில் செலவாகிறது. ஏ.சி.க்கான பெட்ரோலோ மணிக்கணக்கில் செலவாகிறது. கார் ஓடினாலும் சரி, சிக்னலில் நின்றாலும் சரி, கம்ப்ரசர் சுற்றிக்கொண்டேதான் இருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஏ.சி. மணிக்கு அரை லிட்டர் பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கிறது, லிட்டர் விலை 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

செங்கல்பட்டைத் தாண்டிய நெடுஞ்சாலையில் 10 கிலோமீட்டரை 10 நிமிடத்தில் கடந்துவிடலாம். ஏ.சி. செலவு சுமார் 8 ரூபாய். அதாவது கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்கூட இல்லை.

அதே 10 கிலோமீட்டர் சாயங்கால நேரத்தில் நகருக்குள் என்றால் 40 நிமிடம் ஆகும். ஏ.சி. செலவு சுமார் 33 ரூபாய். கிலோமீட்டருக்கு 3 ரூபாய் 30 காசு!

தூரம் ஒன்றுதான். செலவு நாலு மடங்கு!

சவாரி கிடைக்காமல் ரோட்டோரம் ஏ.சி. போட்டுக் காத்திருந்தால் மணிக்கு 50 ரூபாய் போய்விடும், வரவு பூஜ்யம். அதனால்தான் பல டிரைவர்கள் கண்ணாடியை இறக்கிவிட்டு, வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்திருக்கிறார்கள்.

இதற்கு மேல் கம்பெனி கமிஷன், வண்டித் தவணை, இன்சூரன்ஸ் எல்லாம் இருக்கிறது. சவாரிக்கு மிஞ்சுவதே சில பத்து ரூபாய் என்றால், அதில் 33 ரூபாய் பெரிய தொகைதான்.

ஐதராபாத்தில் போராட்டம்

இந்தப் பிரச்சினை சென்னைக்கு மட்டும் உரியது அல்ல. 2024-ம் ஆண்டு ஏப்ரலில் ஐதராபாத்தில் ஆப் டாக்சி டிரைவர்கள் "ஏ.சி. போட மாட்டோம்" என்று போராட்டமே நடத்தினார்கள். ஏ.சி. போட்டால் கிலோமீட்டருக்கு 16 முதல் 18 ரூபாய் வரை செலவாகிறது, கைக்கு வருவதோ 10 முதல் 12 ரூபாய்தான் என்று அவர்கள் சங்கம் கணக்குக் காட்டியது. ஏ.சி. வேண்டும் என்றால் 'டிப்ஸ்' கொடுங்கள் என்றும் பிரயாணிகளைக் கேட்டார்கள்.

பிரயாணிக்கும் நியாயம் உண்டு

அதற்காகப் பிரயாணியைக் குறை சொல்ல முடியுமா? ஏ.சி. கார் என்று காட்டித்தான் வாடகை பேசப்படுகிறது. கைக்குழந்தையோடு வரும் தாய், ஆஸ்பத்திரிக்குப் போகும் முதியவர் ஆகியோருக்கு ஏ.சி. ஆடம்பரம் அல்ல. 2003-ம் ஆண்டு மே 31-ந் தேதி 45 டிகிரி வெயிலைப் பார்த்த ஊர் இது!

சட்டமும் பிரயாணி பக்கம் பேசியிருக்கிறது. பெங்களூரில் 8 மணி நேர வாடகைக்கு எடுத்த காரில் ஏ.சி. வேலை செய்யவில்லை என்று ஒருவர் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போனார். கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்து, 15 ஆயிரம் ரூபாய் நஷ்டஈடும் தரவேண்டும் என்று டாக்சி கம்பெனிக்கு உத்தரவானது. இந்தத் தீர்ப்பு 2024-ம் ஆண்டு ஆரம்பத்தில் வெளியானது. ஏ.சி. தருவதாகச் சொன்னது கம்பெனி. பெட்ரோல் போடுவது டிரைவர். இடையில் மாட்டிக்கொள்வது பிரயாணி!

மைலேஜ் விளம்பரம்

சொந்தக் கார் வைத்திருப்பவர்களும் இதைத் தெரிந்துகொள்ளவேண்டும். "லிட்டருக்கு 20, 22 கொடுக்கும்" என்று இந்தியாவில் கம்பெனிகள் பல ஆண்டுகளாக விளம்பரம் செய்த மைலேஜ், ஏ.சி.யை அணைத்துவிட்டு ஆய்வுக்கூடத்தில் எடுத்த கணக்கு. அமெரிக்காவில் 2008-ம் ஆண்டு மாடல் கார்களில் இருந்தே, சுமார் 35 டிகிரி வெப்பத்தில் ஏ.சி. போட்டு ஓட்டும் சோதனையையும் சேர்த்து மைலேஜ் சொல்கிறார்கள்.

செலவைக் கொஞ்சம் குறைக்கவும் வழி உண்டு. வெயிலில் நின்ற காரில் ஏறியதும் கண்ணாடிகளை இறக்கி, சூட்டுக்காற்றை இரண்டு நிமிடம் வெளியேற்றிவிட்டு ஏ.சி. போடலாம். பிறகு உள்காற்றையே சுற்றவிடும் பட்டனை அழுத்தினால் கம்ப்ரசருக்கு வேலை குறையும். நகருக்குள் மெதுவாகப் போகும்போது கண்ணாடி திறந்திருந்தால் நஷ்டம் இல்லை. நெடுஞ்சாலையில் வேகமாகப் போனால் காற்று வண்டியைப் பின்னுக்கு இழுக்கும். அங்கே கண்ணாடியை மூடி ஏ.சி. போடுவதே மேல்.

என்ன தீர்வு?

ஏ.சி.க்குத் தனிக் கட்டணம் என்பது சென்னைக்குப் புதிது அல்ல. மாநகர பஸ்சில் ஏ.சி. வண்டிக்குத் தனி டிக்கெட். 2025-ம் ஆண்டு ஏப்ரலில் கடற்கரை - செங்கல்பட்டு மார்க்கத்தில் ஏ.சி. மின்சார ரெயில் விடப்பட்டபோது குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய். சாதாரண மின்சார ரெயிலில் 5 ரூபாய்தான். ஜனங்கள் விலையைப் பார்த்து, வேண்டும் என்றால் ஏறினார்கள். யாரும் ரெயில் டிரைவரோடு சண்டை போடவில்லை.

டாக்சியிலும் இதைச் செய்யலாம். ஏ.சி. உண்டா இல்லையா, உண்டு என்றால் நிமிடத்துக்கு எவ்வளவு என்று சவாரியை உறுதி செய்யும் முன்பே காட்டிவிடவேண்டும். அந்தப் பணம் கமிஷன் பிடிக்காமல் பெட்ரோல் போடுகிறவர் கைக்கே போகவேண்டும். சென்ட்ரலில் இருந்து தி.நகர் போக எத்தனை நிமிடம் ஆகும் என்று கம்பெனியின் கம்ப்யூட்டருக்கு முன்கூட்டியே தெரியும். அந்த நேரத்துக்கு ஏ.சி. செலவு எவ்வளவு என்று கணக்குப் போடுவதா கஷ்டம்?

கம்பெனிகள் இதைத் தாமாகச் செய்யாவிட்டால், வாடகையை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் உள்ள அரசு செய்யவைக்கவேண்டும். அதுவரை கத்திரி வெயிலில் வேகப்போவது டிரைவரும் பிரயாணியும்தான்!