கம்பெனிக்காரர் மாட்டிய பெட்டி



சென்ற மாதம் சித்தியவான் பக்கம் உறவினர் வீடொன்றுக்குப் போயிருந்தேன். எனக்கு அத்தை முறை, தனியாக இருக்கிறார். மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை. தாயாரைப் பார்த்துக்கொள்ளக் கூடத்தில் ஒரு கேமரா மாட்டியிருக்கிறான். பொறுப்பான பிள்ளைதான். ஆனால் இணையப் பெட்டியைப் புரட்டிப் பார்த்தால், அடியில் ஒட்டியிருந்த சீட்டில் உள்ள கடவுச்சொல்லே இன்றும் புழக்கத்தில். கேமராவுக்கும் கடையில் வந்ததுதான்!

"கம்பெனிக்காரன்தானே தம்பி வந்து மாட்டினான், அவன் பார்த்துக்க மாட்டானா?" என்றார் அத்தை.

நம்மில் பலர் நினைப்பதும் இதுதான். 2016-இல் 'மிராய்' என்ற கள்ள நிரல் உலகெங்கும் கேமராக்களுக்குள்ளும் ரூட்டர்களுக்குள்ளும் புகுந்தது. பெரிய வித்தை ஒன்றுமில்லை. தொழிற்சாலைக் கடவுச்சொற்கள் அறுபது சொச்சத்தை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது, அவ்வளவுதான். அதே ஆண்டு நவம்பரில் ஜெர்மனியில் சுமார் 9 இலட்சம் வாடிக்கையாளர்களின் இணைப்பு பாதிக்கப்பட்டது. கம்பெனி தூரத்திலிருந்து பெட்டியைப் பராமரிக்கும் வழியைத்தான் அந்தத் தாக்குதல் குறிவைத்தது. வீட்டுக்காரர்கள் செய்த தவறு ஏதுமில்லை.

ஆகவே, அந்தப் பெட்டி பாதிதான் நம்முடையது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதில் கடவுச்சொல் இரண்டு உண்டு. ஒன்று வைஃபைக்கு, மற்றொன்று பெட்டியின் அமைப்புகளுக்குள் நுழைய. முதலாவதை மாற்றிவிட்டு இரண்டாவதை மறந்துவிடுகிறோம். இரண்டையும் மாற்றுங்கள். பாதுகாப்பு வகையில் டபிள்யூபிஏ3 இருந்தால் அது, இல்லையேல் டபிள்யூபிஏ2. 'வெப்' என்ற பழைய வகை கிழிந்த கொசுவலை. டபிள்யூபிஎஸ் என்ற வசதியையும் அணைத்துவிடுங்கள். அதன் 8 இலக்க எண்ணைப் பெட்டி இரு துண்டாகச் சரிபார்ப்பதால், ஏறக்குறைய 11,000 முறை முயன்றாலே திறந்துவிடலாம் என்பது 2011-லேயே வெளியான விஷயம்.

சில கம்பெனிகள் தங்கள் பெட்டிக்குள் நம்மை நுழைய விடுவதில்லை. அப்படியானால் சொந்தமாக ஒரு ரூட்டர் வாங்கி அதன் பின்னால் மாட்டுங்கள். கம்பெனிப் பெட்டியின் வைஃபையை அணைத்துவிடச் சொல்லுங்கள். அது நமக்குத் தெரு, நம் ரூட்டர்தான் வாசற்கதவு. ஒரு சங்கடம்: இரண்டும் 192.168.1 என்றே முகவரி கொடுத்தால் குழம்பிப்போகும். நம்முடையதை 192.168.50 என்று மாற்றினால் தீர்ந்தது.

கேமராவையும் தொலைக்காட்சியையும் விருந்தினர் வைஃபையில் தனியே விடுங்கள். ஆனால் கேமராவின் சொந்தக் கணக்கிற்கு லேசான கடவுச்சொல் இருந்தால், எத்தனை ரூட்டர் மாட்டியும் பயனில்லை. மகன் கேமராவைப் பார்ப்பது அந்தக் கணக்கு வழியாகத்தான். திருடனும் அப்படியே வருவான்.

புதிய சொற்களை அத்தை ஒரு பள்ளிப் புத்தகத்தில் எழுதி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தார். சிரிக்காதீர்கள். எங்கோ தூர தேசத்தில் இருக்கும் கள்வன் அரிசிப் பானையைத் தேடி வரப்போவதில்லை.

நான் செய்த பிழை ஒன்றுண்டு. கடவுச்சொல்லை மாற்றியதும் கேமரா அறுந்துவிட்டது. சிங்கப்பூரிலிருந்து மகன் பதறிப்போய் மூன்று முறை போன் செய்துவிட்டான். மாற்றும் முன் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.