யாரிடம் கட்டணம் கேட்பது?

மாற்றுத்திறனாளிகளுக்கான சேவை ஸ்தாபனங்கள் நன்கொடையை நம்பாது சொந்தக்காலில் நிற்கத் திட்டமிட வேண்டும், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையே அதற்குச் சாட்சி என்று நண்பர் எழுதியிருப்பதில் பாதி நியாயமே உண்டு. 1976-இல் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் ஆரம்பித்த அது, பணம் கொடுப்போரின் கட்டணத்தைக் கொண்டு ஏழைகளுக்கு இலவசச் சிகிச்சை அளித்து வளர்ந்தது மெய்யே. ஆனால் கண்புரையோ செல்வரையும் தரித்திரரையும் பேதமின்றிப் பற்றுவது, சில நிமிஷ அறுவையில் தீர்வது. மூளை முடக்குவாதமுள்ள குழந்தைக்கு, கழுத்து நிற்கவும் கை ஒரு கிண்ணத்தைப் பற்றவும் வருஷக்கணக்கில் பயிற்சி வேண்டும்; கூலி வேலையையும் விட்டு அதனைத் தூக்கிவரும் தாயிடமா கட்டணம் கேட்பது? கணக்கைச் செம்மையாக்குவதில் எனக்கு ஆட்சேபமில்லை. ஆயினும் புனர்வாழ்வுச் சேவையை, பொருளாதார சக்திக்கு உட்பட்டு என்ற நிபந்தனையோடாயினும், அரசின் கடமையாகவே விதித்திருக்கிறது 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு.