பழைய பைக் வாங்கலாமா?

60 முடிந்தால் மனிதர்கள் திருக்கடையூர் வருகிறார்கள். 15 முடிந்தால் பைக் ஆர்.டி.ஓ. அலுவலகம் போக வேண்டும். பதிவைப் புதுப்பித்தால் இன்னும் 5 ஆண்டு ஓடும். 1985-இல் வந்து 1996-இல் நின்றுபோன ஆர்.எக்ஸ்.100-க்கு இளைஞர்கள் கொட்டும் பணமெல்லாம் அந்தச் சத்தத்துக்குத்தான். (எனக்கும் பிடிக்கும், அது வேறு விஷயம்.) வயலுக்கும் மயிலாடுதுறைக்கும் போய்வர, 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 கட்டாயமாகும் முன் விற்ற கார்புரேட்டர் ஸ்பிளெண்டர் போதும்; உள்ளூர் மெக்கானிக்கே பிரித்துப் பூட்டிவிடுவார். ஆனால் நமக்குக் கடல் பக்கம். பெயின்ட் பளபளப்பில் மயங்காமல் குனிந்து சேசிஸ், சைலன்சரின் அடிப்பாகம், ரிம் எல்லாவற்றிலும் உப்புக்காற்று ஏற்றிய துருவைத் தேடுங்கள். ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் கடன் நீக்கப்படவில்லையென்றால் முழுப்பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றித் தர இழுப்பவரிடம், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.