அப்கிரேடு பின்வாங்கும் இடம்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த பொது ஆதரவு முடிவுற்றதால், பல்லாண்டு உழைத்த யந்திரங்களைச் சுமந்துகொண்டு நம் கடைப்படி ஏறுகிறவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: அப்கிரேடு நெடுநேரம் ஓடிற்று, நடுவே சில தரம் தானாக ரீஸ்டார்ட் ஆயிற்று, கடைசியில் செய்ததையெல்லாம் ரத்துசெய்துகொண்டு பழைய விண்டோஸிலேயே வந்து நின்றுவிட்டது. அதைக் கேட்ட மாத்திரத்தில், "டேட்டாவை எடுத்துக்கொண்டு ஃபார்மட் அடித்துவிடலாம்" என்று சொல்லிவிடுவது நம் தொழிலில் ஏறக்குறைய ஒரு சம்பிரதாயமாகிவிட்டது. அதனால் காரியம் முடிந்தாலும் முடியலாம்; ஆனால் தடுத்தது எது என்பது தெரியாமலே போய்விடுவதால், பழுதான ராமோ, தேய்ந்துகொண்டிருக்கும் ஹார்டு டிஸ்கோ அதற்குக் காரணமாயின், அதே யந்திரம் சில வாரங்களில் மீண்டும் நம் மேஜைக்கு வந்துசேரும்.

சி1900101 என்ற பிழை எண்ணைக் கண்டதும் "டிரைவர் கோளாறு" என்று தீர்ப்புச் சொல்வோர் பலர். அது பாதி உண்மையே. அந்த எண் பின்வாங்கல் நேர்ந்ததைப் பொதுப்பட அறிவிக்கிறதேயன்றி, நேர்ந்த இடத்தைக் காட்டுவது அதன் பின்னே கோடிட்டு வரும் நீட்டிப்பு எண்ணாகும். அப்கிரேடு நான்கு கட்டங்களாக நடைபெறுகிறது: பழைய விண்டோஸுக்குள்ளிருந்தே கோப்புகளைச் சேகரிப்பது முதலாவது, சிறியதொரு மீட்புச் சூழலில் பூட் ஆகிப் புதியதை வட்டில் பரப்புவது இரண்டாவது, புதிய விண்டோஸ் முதன்முறை எழுவது மூன்றாவது, மறுமுறை எழுந்து முற்றுப்பெறுவது நான்காவது. நீட்டிப்பு எண்ணின் முதல் இலக்கம் இக்கட்டத்தையே குறிக்கிறது. 20017 என்று வந்தால், அந்த மீட்புச் சூழலில் பூட் ஆவதிலேயே தடை நேர்ந்தது என்று அறிந்து, பயாஸ் பதிப்பையும், வட்டுக் கட்டுப்பாட்டு டிரைவரையும், யுஎஸ்பியில் செருகி மறந்துபோன டாங்கிள், கார்டு ரீடர் முதலியவற்றையும் சோதிக்க வேண்டும். 30018 ஆனால், முதற்பூட்டின்போது ஏதோ ஒரு சாதனத்தின் டிரைவர் பதிலளிக்காமல் நின்றுவிட்டது என்று பொருள். தயாரித்தவர்களே கைவிட்ட பழைய டிஸ்ப்ளே கார்டுகளையும் வைஃபை கார்டுகளையும் இங்கே முதலில் சந்தேகிப்பது நியாயம். 4-இல் தொடங்கும் எண்கள் பெரும்பாலும் ஆண்டிவைரஸையோ, பழைய பயனர் கணக்கை இடம்பெயர்ப்பதில் விளைந்த சிக்கலையோ சுட்டுவன. இவையெல்லாம் மறைந்திருக்கும் அப்கிரேடு ஃபோல்டரில், பாந்தர் என்ற உட்பிரிவிலும், பின்வாங்கிய பிறகு ரோல்பேக் என்ற பிரிவிலும், எளிய எழுத்துக் கோப்புகளாகவே எழுதிவைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றைப் படிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்காக மைக்ரோசாஃப்டே செட்டப்டயாக் என்ற கருவியை இலவசமாக அளித்திருந்தும், அதை ஓட்டிப் பார்க்காமலே ஃபார்மட்டுக்குப் போகிறோம் என்பது வியப்புக்குரியது.

பழைய யந்திரத்துக்கே உரிய உபாதைகளும் உண்டு. விண்டோஸ் 7 காலத்தில் ஒதுக்கப்பட்ட சிஸ்டம் ரிசர்வ்டு பார்ட்டிஷன் வெறும் 100 மெகாபைட். சில பாதுகாப்பு மென்பொருள்களும் தம் பங்குக்கு அதில் எழுதிவைப்பதால், அது நிரம்பி, சி டிரைவில் எவ்வளவு இடம் காலியாக இருந்தும் அப்கிரேடு அந்தப் பார்ட்டிஷனைப் புதுப்பிக்க இயலவில்லை என்று மறுத்துவிடும். மதர்போர்டிலுள்ள நாணய பாட்டரி தீர்ந்து, கடிகாரம் பல வருஷம் பின்னுக்குப் போயிருந்தால், பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவையாகி டவுன்லோடு கட்டத்திலேயே காரியம் நின்றுபோகும். சொற்ப விலையுள்ள பாட்டரி!

இனி, இயலாமை வேறு, அநுமதியின்மை வேறு என்ற பேதத்தை வாடிக்கையாளருக்கு நாம் தெளிவாகச் சொல்வதில்லை. டிபிஎம் 2.0 இல்லை, பிராசஸர் பட்டியலில் இல்லை என்று விண்டோஸ் 11 மறுப்பது அநுமதியின்மை. ரெஜிஸ்ட்ரி மாற்றத்தால் அதைத் தாண்டுகிறவர்கள் தாண்டுகிறார்கள், அவ்வாறு தாண்டிய யந்திரத்துக்கு அப்டேட்டுகள் வருமென்ற உத்தரவாதமில்லை என்பதை எழுத்தில் கொடுக்காமல் அவ்வேலையைச் செய்வது நாணயமாகாது. ஆனால் 2024 அக்டோபரில் வந்த 24எச்2 பதிப்பு, பாப்கவுண்ட் என்ற கட்டளையும் எஸ்எஸ்இ 4.2 தொகுதியும் பிராசஸரிலேயே இருந்தாலன்றி எழாது. 2008-இன் இறுதியில் தோன்றிய முதல் தலைமுறை ஐ7-இல் அவை உண்டு. அதற்கு முந்திய கோர் 2 டுவோவில் இல்லை. சிலிக்கானில் இல்லாததை ரெஜிஸ்ட்ரியால் ஈடுசெய்ய முடியாது. முந்தைய பதிப்பை உபாயமாக ஏற்றிவைத்த கோர் 2 டுவோ யந்திரம், அடுத்த அப்கிரேடுக்கென்று நம்மிடம் வரும்போது, லாகைத் தேடுவதும் வீண், ஃபார்மட்டும் வீண். விண்டோஸ் 10-க்கே திரும்பி, தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை அறிவிக்கப்பட்ட நீட்டிப்புத் திட்டத்தில் சேர விருப்பமா, எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்தி லினக்ஸுக்கு மாறச் சம்மதமா என்று உரியவரைக் கேட்டு, அவருடைய கணக்கு மென்பொருளும் பிரிண்டரும் அதில் ஓடுமா என்பதை அவர் கண்முன்னே, யுஎஸ்பியிலிருந்து பூட் செய்து சோதித்துக் காட்டிய பின்னரே கூலி பேச வேண்டும்.