யார் நிற்க வேண்டும்?

 

ஏற்காட்டில் உறவினர் இல்லமொன்றில் நடைபெற்ற வலீமா விருந்துக்குச் சென்றிருந்தேன். காப்பிப் பழம் பறிக்கும் பருவம். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறிய பேருந்திலும் அதே பேச்சு. விருந்து முடிந்து திண்ணையில் வெற்றிலைத் தட்டு வைக்கப்பட்டபோதும் அதே பேச்சு. 'அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் யார் நிற்க வேண்டும்?' என்பதுதான் அது.

கீழிருந்து வந்திருந்த சேலத்து உறவினர்கள் மேயர் பதவியைப் பற்றி விவாதித்துக்கொண்டிருந்தனர். ஒருவர் ஒரு வணிகரின் பெயரைச் சொன்னார். மற்றொருவர் ஒரு மருத்துவரின் பெயரைச் சொன்னார். மூன்றாமவர், "பெயர் எதுவாயினும் கட்சி எதுவென்று சொல்லுங்கள்" என்றார். தோட்டத்தில் கணக்கராக இருந்து ஓய்வுபெற்ற வீட்டுப் பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தார். "நீங்கள் எவ்வளவு பேசினாலும் மேயரின் பெயர் உங்கள் வாக்குப்பதிவு எந்திரத்தில் வராதே, தம்பி!" என்றார்.

அவர் கூற்றில் உண்மை இருக்கிறது. 1866-இல் நகராட்சியான சேலம், 1994-இல் மாநகராட்சியாக உயர்ந்தது. 1996-லும் 2001-லும் மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தனர். 2006-இல் அந்த உரிமை மாமன்ற உறுப்பினர்களிடம் சென்றது. 2011-இல் மீண்டும் மக்களிடம் வந்தது. 2022-இல் மறுபடியும் உறுப்பினர்களிடமே போயிற்று. அவ்வாண்டு பிப்ரவரி 19-ஆம் நாள் மக்கள் 60 வார்டுகளுக்கும் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தனர். மார்ச் 4-ஆம் நாள் அவ்வுறுப்பினர்கள் கூடி ஏ. ராமச்சந்திரனை மேயராக்கினர். ஆகவே, மேயர் யார் என்று பேசுகிற சேலத்துக்காரர், முதலில் தம் வார்டுக்கு யார் என்றுதான் பேச வேண்டும்.

மலைமேல் நிலைமை வேறு. ஏற்காட்டில் மேயர் இல்லை, நகராட்சியும் இல்லை. ஏற்காடு, மஞ்சகுட்டை, நாகலூர், செம்மநத்தம், வெள்ளக்கடை என்று கிராம ஊராட்சிகளும், அவற்றை இணைக்கும் ஊராட்சி ஒன்றியமும்தான் உள்ளன. ஆனால் ஊராட்சித் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தத் தேர்தலில் கட்சிச் சின்னமும் கிடையாது. வாக்காளர் பார்க்க வேண்டியது ஆளை மட்டுமே. பெரிய மாநகரத்துக்கு இல்லாத உரிமை, சின்னஞ்சிறு மலையூருக்கு இருக்கிறது! 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இம்மலையில் காப்பியைப் பயிரிடச் செய்த நாளில், ஊர் மக்களின் விருப்பத்தைக் கேட்டு ஆளும் வழக்கம் இருந்ததில்லை. இன்று கேட்கிறார்கள். நாம் என்ன விடை வைத்திருக்கிறோம்?

திண்ணையில் அடுத்து ஊராட்சித் தலைவர் பதவிக்குப் பெயர்கள் வந்தன. விடுதி வைத்திருப்பவர் ஒருவர். "செலவு செய்யக் கூடியவர்" என்பது அவருக்குரிய தகுதி. ஒப்பந்தக்காரர் ஒருவர், "மேலிடத்தில் ஆள் தெரிந்தவர்" என்பது தகுதி. "நம்மவர் ஒருவரை நிறுத்தினால் என்ன?" என்றும் ஒரு குரல் எழுந்தது.

அப்போது தேநீர்த் தட்டுடன் வந்த அவ்வீட்டு மருமகள், பெரியவரைப் பார்த்து மெல்லக் கேட்டார்: "மாமா, எல்லாரும் ஆள் பெயரைச் சொல்கிறீர்கள். என்ன வேலைக்கு ஆள் தேடுகிறோம் என்று ஒருவரும் சொல்லவில்லையே?"

திண்ணை சற்று நேரம் அமைதியாயிற்று.

வாசகர்களே, அந்தக் கேள்வியை நாமும் கேட்டுப் பார்ப்போம். ஊராட்சித் தலைவரின் வேலைதான் என்ன? குடிநீர், தெருவிளக்கு, சாலை, சாக்கடை, குப்பை, வீட்டுவரி ஆகியவை அவர் பொறுப்பில் வருகின்றன. ஊராட்சிப் பணத்தை எடுக்கும் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையொப்பமிட வேண்டும் என்பது சட்டம் வகுத்த முறை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் கிராமசபை கூடுகிறது. அங்கே வரவு செலவை ஊர் முன்னே வைக்க வேண்டியவரும் அவரே. கோடை விழாவுக்கு வருகிற கூட்டம் விட்டுச்செல்லும் பிளாஸ்டிக் குப்பை யார் வாசலில் சேர்கிறது? வெயில் காலத்தில் குழாயில் தண்ணீர் எத்தனை நாளுக்கொரு முறை வருகிறது? இவற்றை எல்லாரையும்விட நன்கு அறிந்தவர் குடம் தூக்குகிறவர்தாம். அவரிடம் நாம் அபிப்பிராயம் கேட்டதுண்டா?

"நம்மவர் ஒருவர்" என்ற பேச்சையும் நேர்மையுடன் எடைபோட வேண்டும். சேர்வராயன் மலையின் பூர்வகுடிகள் மலையாளிப் பழங்குடி மக்கள். ஏற்காடு சட்டமன்றத் தொகுதியும் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டதே. நாமோ இங்கே சில குடும்பங்கள். கடை வைத்தும் வண்டி ஓட்டியும் தோட்டத்தில் உழைத்தும் வாழ்கிறவர்கள். நம் எண்ணிக்கையை மட்டும் எண்ணிக்கொண்டு பேரம் பேசினால், ஐந்தாண்டுக்கு ஒரு முறை ஒரு பொட்டலம் கிடைக்கலாம்; மரியாதை கிடைக்காது. ஊரின் துயரத்தைத் தன் துயரமாகப் பேசுகிறவருக்கே ஊர் செவிசாய்க்கும்.

தொலைதூர நகரங்கள் இரண்டு இதற்குச் சான்றாகின்றன. இலண்டன் மாநகரில் முஸ்லிம்கள் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து பேரே. அங்கே பேருந்து ஓட்டுநரின் மகனான சாதிக் கான், 2016, 2021, 2024 என மூன்று முறை மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2025 நவம்பரில் நியூயார்க் மக்கள் ஸோஹ்ரான் மம்தானியை மேயராகத் தேர்ந்தெடுத்தனர். சமுதாய வாக்கு மட்டும் இவர்களை அப்பதவியில் அமர்த்தியிருக்க முடியாது. ஒருவர் பேருந்துக் கட்டணத்தை உயர்த்தாமல் நிறுத்துவதைப் பற்றிப் பேசினார். மற்றவர் வீட்டு வாடகையையும் கட்டணமில்லாப் பேருந்தையும் பற்றிப் பேசினார். எல்லா வீட்டுச் சமையலறைக்கும் எட்டுகிற பேச்சு அது. அதுபோல், நம் மலையில் நாம் ஆதரிக்க வேண்டியவர் மலையாளிச் சகோதரராகவோ தோட்டத் தொழிலாளியாகவோ இருக்கலாம். நம்பிக்கைக்கு உரியவராயின் அவரும் நம்மவரே.

பதவியைப் பணத்தால் அளக்கும் வழக்கம் எங்கே கொண்டுபோய்விடும் என்பதையும் கண்டிருக்கிறோம். 2019 டிசம்பரில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது, தமிழகத்தின் சில ஊர்களில் தலைவர் பதவியை ஏலம் விட்டதாகச் செய்திகள் வந்தன. அது குற்றம் என்று மாநிலத் தேர்தல் ஆணையம் எச்சரிக்க வேண்டியதாயிற்று. ஏலத் தொகையைக் கோயில் திருப்பணிக்குக் கொடுத்தாலும் பள்ளிவாசல் கட்டடத்துக்குக் கொடுத்தாலும் ஏலம் ஏலம்தான். விலைகொடுத்து வாங்கியவர் இலாபம் பார்க்காமல் விடுவாரா?

மற்றொன்றும் உண்டு. தமிழக உள்ளாட்சிகளில் சரிபாதி இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டுள்ளன. ஆனால் பல ஊர்களில் பெயர்ப்பலகையில் மனைவி, நாற்காலியில் கணவர். கையொப்பம் அந்த அம்மையாருடையது; கட்டளை அவருடையது. தணிக்கையில் கணக்கு இடித்தால் விசாரணைக்குச் செல்ல வேண்டியவர் மட்டும் மனைவியே! மனைவியை முன்னிறுத்துவதில் தவறில்லை. அவருடைய தீர்ப்பைப் பறித்துக்கொள்வதே தவறு.

ஹிஜ்ரி 23-இல், கலீஃபா உமர் (ரலி) மரணப்படுக்கையில் இருந்தபோது, தமக்குப் பின் யார் என்பதை முடிவு செய்ய ஆறு தோழர்கள் கொண்ட குழுவை அமைத்தார்கள். தம் மகன் அப்துல்லாஹ்வும் உடனிருந்து ஆலோசனை கூறலாம். ஆனால் அவரைத் தலைமைக்குத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று விலக்கிவைத்தார்கள். பொறுப்பு என்பது குடும்பச் சொத்தன்று, அது அமானிதம். இந்த வரலாற்றை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு, ஊராட்சிப் பதவியை மட்டும் வீட்டுச் சாமானாக எண்ணலாமா?

இனி, தேர்தல் நாள் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்போருக்கு ஒரு சொல். 2013 டிசம்பர் 4-ஆம் நாள் ஏற்காடு சட்டமன்றத் தொகுதிக்கு இடைத்தேர்தல் நடந்தது. 'மேற்கண்ட எவருக்கும் வாக்களிக்க விருப்பமில்லை' என்று பதிவு செய்யும் பொத்தான் தமிழகத்தில் முதன்முதலாக வைக்கப்பட்டது அந்தத் தேர்தலில்தான். 4,400-க்கும் மேற்பட்டோர் அதனை அழுத்தினர். அவர்களுடைய மனக்குறையை நான் மதிக்கிறேன். ஆயினும் ஆள் சரியில்லை என்று வாக்குச்சாவடிக்குள் உணர்வது காலம் கடந்த உணர்வு. நல்லவர் ஒருவரின் வீட்டுக்குச் சென்று, "நீங்கள் நில்லுங்கள், நாங்கள் துணைநிற்கிறோம்" என்று சொல்ல வேண்டிய நேரம், வேட்புமனு தாக்கலுக்கு முன்பே அல்லவா? 2019 தேர்தலில் ஊராட்சித் தலைவர் பதவிக்கு வைப்புத் தொகை 600 ரூபாய்; தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. இருபத்தொரு வயது நிறைந்து, அவ்வூர் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நிற்கலாம். சட்டம் வாசலை அகலமாகத்தான் திறந்து வைத்திருக்கிறது. வழியை அடைத்து நிற்பது நம் தயக்கமே.

மறுபடியும் அந்தத் திண்ணைக்கு வருகிறேன்.

மருமகளின் கேள்விக்குப் பின் பேச்சு மாறியது. குழாய், குப்பை, மழையில் கரையும் சாலை என்று ஒவ்வொருவரும் கூறத் தொடங்கினர். பெரும்பாலானவற்றுக்கு விவரம் சொன்னவர் அந்தப் பெண்தான். எந்தத் தெருவில் விளக்கு எரிவதில்லை, கிராமசபையில் கொடுத்த மனு என்னவாயிற்று என்பதையெல்லாம் அவர் அறிந்திருந்தார். பெரியவர் நெடுநேரம் அவரையே பார்த்துவிட்டு, "இவ்வளவு தெரிந்த நீயே ஏன் நிற்கக் கூடாதம்மா?" என்றார். கணவர் தலைகுனிந்தார். உள்ளறையிலிருந்து மாமியாரின் குரல் வந்தது: "அவள் நின்றால் நான் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன்."

எல்லாரும் மகிழ்ந்த அவ்வேளையில் அப்பெண் சொன்னார்: "மாமா, என் பெயர் இன்னும் ஆத்தூரில், எங்கள் அத்தா வீட்டு முகவரியில்தான் இருக்கிறது. இங்கே எனக்கு ஓட்டே இல்லை."

மணமாகி வந்து ஒன்பது ஆண்டுகள்! குடும்ப அட்டையில் பெயர் சேர்த்தோம். எரிவாயு இணைப்பில் சேர்த்தோம். ஊர் தன் குடிமகளாக எண்ணும் பட்டியலில் சேர்க்க மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. யார் நிற்க வேண்டும் என்று ஊரெல்லாம் தேடியவர்கள், வீட்டுக்குள் இருந்தவரின் பெயரை விட்டுவிட்டார்கள். பெரியவரின் முகம் வாடியதைக் கண்டேன்.

சகோதர சகோதரிகளே! சேலம் மாவட்டத்தில் 2019-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி மன்றங்களின் காலம் 2025 ஜனவரி 5-உடன் முடிந்தபின், நிர்வாகம் தனி அலுவலர்களின் கைக்குச் சென்றது. தேர்தல் எப்போது வந்தாலும் அதற்கு ஆயத்தமாக இருப்பது நம் கையில் உள்ளது. சட்டமன்ற வாக்காளர் பட்டியலைக் கொண்டே உள்ளாட்சிப் பட்டியலும் ஆயத்தம் செய்யப்படுகிறது. எனவே இந்த இதழை மடித்து வைக்கும் முன், உங்கள் வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் பெயரும் எந்த ஊர்ப் பட்டியலில் உள்ளது என்று பாருங்கள். முக்கியமாக, மணமாகி வந்த மருமகளின் பெயரையும் பதினெட்டு வயது நிறைந்த பிள்ளைகளின் பெயரையும் பாருங்கள். முகவரி மாறியவர்களுக்குப் படிவம் 8. புதியவர்களுக்குப் படிவம் 6. அடுத்த கிராமசபைக்கு வீட்டிலிருந்து ஒருவராவது செல்லுங்கள். அவர் பெண்ணாக இருந்தால் இன்னும் நன்று.

நான் புறப்படும்போது பெரியவர் வாசல் வரை வந்தார். "திங்கட்கிழமை தாலுகா அலுவலகத்துக்குப் போகிறோம், நானும் மருமகளும்" என்றார். பேருந்து இறங்கத் தொடங்கியதும் பின் இருக்கையில் மீண்டும் அதே பேச்சு கேட்டது: "மேயருக்கு யார் நின்றால் நல்லது?"

திரும்பிப் பார்த்து, "உங்கள் வீட்டில் எத்தனை பேருக்கு ஓட்டு இருக்கிறது?" என்று கேட்டேன். அவரால் உடனே விடை சொல்ல இயலவில்லை. உங்களால் இயலுமா?