குடிபெயர்வும் வீட்டுத்தொழிலும்

மானாவாரி வேளாண்மையை நம்பிய புதூர்ப் பகுதியில், மழை பொய்த்த ஆண்டுகளிற் கோவில்பட்டிக்குக் குடிபெயரும் குடும்பங்கள் உண்டு. அவர்களுட் சிலர், புதுவீடு புகுந்த அன்றே கடலைமிட்டாய்த் தொழிலுக்கும் அடுப்பு மூட்ட எண்ணுகின்றனர். இரு காரியங்களும் ஒருங்கே முடியும் என்பது அவர்தம் கருத்து. அஃது ஏற்புடைத்தன்று என்பதே எமது துணிபு.

இத்தொழிலின் உயிர் வெல்லப்பாகின் பதத்தில் உள்ளது. பாகு இளகின் மிட்டாய் கையில் ஒட்டும், முறுகின் கசக்கும். செவ்விய பதத்திற் செய்ததும் ஈரக்காற்றுப் பட்டால் நெகிழ்ந்துவிடும். கரிசல் மண்ணோ மழையில் உப்பிக் கோடையில் வெடிப்பது. அதன்மேல் ஆழமான அடித்தளமின்றி எழுந்த சுவர்கள் விரிசலுறுவது இயல்பு. ஆதலின், ஐப்பசி கார்த்திகை மழையில் ஒரு வீடு எவ்வாறு நிற்கின்றது என்று காணாமுன் அதிற் சரக்கு அடுக்குதல் தகாது.

“அதுவரை உண்பது எங்ஙனம்?” எனின், மிட்டாய் செய்யும் இடத்திற் கூலிக்குச் செல்லலாம். கூலியும் கிடைக்கும், பாகின் பதமும் கைவரும். கைம்முதலை வீட்டு முன்பணத்தோடு கலவாது தனியே வைத்தல் வேண்டும். உணவுப்பண்டம் விற்றற்குரிய அரசாங்கப் பதிவையும் நிலைத்த முகவரியிற் பெறுதலே நன்று.

கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020-ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு பெற்றது. அவசரத்திற் செய்த கெட்ட சரக்கு, செய்தவர் முதலை அழிப்பதோடு ஊரின் பெயரையும் கெடுக்கும். முதலிற் குடி நிலைபெறுக. பின்னர்த் தொழில் தொடங்குக.